மைக் பிடிக்க ஒரு ஆள்

ஒரு பேட்டி எடுக்க எத்தனை பேர் வேண்டும்? இந்தக் கேள்வியை இன்றைக்கு ஏதாவது ஒரு வீடியோ கம்பெனி முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். "ஒரு ஆள் போதுமே சார். இப்பல்லாம் கேமராவே எல்லாத்தையும் பார்த்துக்குது" என்பார். சொல்லும்போது முகத்தில் பெருமிதம் வேறு. மூன்று சம்பளத்தில் இரண்டை மிச்சம் பிடித்த பெருமிதம்.

பச்சைப் பொய். யாரோ சொல்லிக் கேட்டதை வைத்து எழுதவில்லை. கை வலிக்க வலிக்க நின்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

2024 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் என் அக்கா பையன் வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். (வீடு என்றால் ஒரு ரூம், ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல்.) அவன் ஒரு சின்ன வீடியோ நிறுவனத்துக்குப் பேட்டிகள் எடுத்துக் கொடுக்கிறான். மாதச் சம்பளம் கிடையாது. ஒரு வீடியோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. நான் போயிருந்த வாரத்தில்தான் அங்கே கேம்ஸ்காம் நடந்தது.

கேம்ஸ்காம் என்றால் வீடியோ கேம் உலகத்தின் தேர்த் திருவிழா. முதலில், 2002 முதல் 2008 வரை, லைப்சிக் நகரத்தில் வேறு பெயரில் நடந்தது. 2009லிருந்து கொலோனில், ரைன் நதியின் கிழக்குக் கரையில், டாய்ட்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய பிரமாண்டமான பொருட்காட்சி வளாகத்தில். நான் போன வருஷம் வந்த கூட்டம் 3 லட்சத்து 35 ஆயிரம். அதற்கடுத்த 2025ல் 3 லட்சத்து 57 ஆயிரம். பதினைந்து நிமிஷம் ஒரு புது கேமை ஆடிப் பார்க்க மூன்று மணி நேரம் க்யூ. பிள்ளைகள் மடக்கு ஸ்டூலோடு வருகிறார்கள். திருப்பதி தர்ம தரிசனம் தோற்றது போங்கள்.

முதல் நாள் ராத்திரி பையன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். கேமரா, ட்ரைபாட், இரண்டு லென்ஸ், ஒரு எல்ஈடி விளக்கு, வயர்லெஸ் மைக் ஒரு ஜோடி, அது கைவிட்டால் பிடித்துக்கொள்ள வயர் மைக் ஒன்று, நாலு பேட்டரி, லேப்டாப். நான் தூக்கிப் பார்த்தேன். இரண்டாவது முறை தூக்க முயற்சி செய்யவில்லை.

"உன்கூட யாருடா வராங்க மாப்ளே?"

"யாரும் இல்ல மாமா. நான்தான்."

"கேமரா யாரு?"

"நான்தான்."

"சவுண்டு?"

"மாமா..." என்று சிரித்தான். "நீங்க வேணா வாங்களேன். சும்மாதானே இருக்கீங்க."

டிக்கெட் என் காசு. பொதுமக்கள் டிக்கெட். அதை வைத்துக்கொண்டு கேம் ஆடும் அரங்குகளுக்குள் போகலாம். வியாபாரிகளும் பத்திரிகைக்காரர்களும் போகிற பகுதி தனி; அங்கே என்னை விடமாட்டார்கள். ஆக அன்றைக்கு அவன் எடுக்க வேண்டிய எட்டு பேட்டிகளில் மூன்றுக்கு நான் கூட இருக்கலாம், ஐந்துக்கு அவன் தனியாள். இந்த மூன்றும் ஐந்தும்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

முதலில் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் படம் சுமாராக இருந்தால் ஜனங்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் பத்து வினாடியில் போய்விடுவார்கள். கேம்ஸ்காம் அரங்கில் நாலு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். ஒரு பக்கம் துப்பாக்கிச் சண்டை, ஒரு பக்கம் டிராகன் கத்துகிறது, நடுவில் டீ ஷர்ட்டுக்காக ஐநூறு பேர் கூச்சல். இதற்கு நடுவே ஒரு மனிதர் சாதாரணக் குரலில், தான் ஐந்து வருஷம் உழைத்த கதையைச் சொல்கிறார். மைக் அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால் பிழைத்தோம். தூரம் இரண்டு மடங்கானால் அவர் குரல் 6 டெசிபல் குறைந்துவிடும். டிராகன் குரல் குறையாது. அது பௌதிகம், பணம் கொடுத்து மாற்ற முடியாது.

சட்டைக் காலரில் குத்துகிற வயர்லெஸ் மைக் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்த மாதிரி சின்ன மைக்குகளில் பெரும்பாலானவை வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனின் புளூடூத்தும் அதில்தான், வைஃபையில் ஒரு பகுதியும் அதில்தான். பல்லாயிரம் போன்கள் ஒரே கூரையின் கீழ் மூச்சு விடும்போது அந்த மைக்கின் பேச்சு நடுநடுவே வெட்டுப்படும். எப்போது வெட்டுப்படும் என்று அதற்கே தெரியாது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் தெரியும். யார் கேட்பது? பேட்டி எடுக்கிறவனேதான்.

சரி, வயர் மைக். அதைக் கையில் பிடிக்க வேண்டும். பிடித்தால் கேமராவைத் தொட முடியாது. கேமரா ட்ரைபாடில் அநாதையாக நிற்கும். அதில் முகத்தைத் தானே தேடிப் பிடிக்கிற வசதி உண்டு. நல்ல வசதிதான். பின்னால் அட்டைக் கவசமும் ஆறடி வாளுமாக ஒரு ஆள் வேஷம் கட்டிக்கொண்டு போனால் அந்த முகம்தான் அழகாக இருக்கிறது என்று அதைப் பிடித்துக்கொள்ளும். பேட்டி கொடுக்கிறவர் மங்கிப்போவார். அதையும் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். ட்ரைபாட் காலில் யாரும் தடுக்கி விழாமல் பார்க்க வேண்டும். தரையில் கிடக்கும் பை காணாமல் போகாமல் பார்க்க வேண்டும். மணி பார்க்க வேண்டும். இத்தனைக்கும் மிச்சமாக, எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார் என்று...

அதற்குத்தானே போனோம்?

நம்ம ஊர்க் கல்யாண வீடியோவுக்குக்கூட லைட் பிடிக்க என்று தனியாக ஒரு பையன் வருவான். தாலி கட்டும்போது எல்லார் கண்ணிலும் அடிப்பான், திட்டு வாங்குவான், ஆனால் வருவான்.

என்னோடு எடுத்த மூன்று பேட்டிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சின்ன நிறுவனங்கள் கூட்டமாகக் கடை போடுகிற 10ஆம் எண் அரங்கு. மேஜை அகலமே இருக்கும் ஸ்டால். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்திருந்தார்கள். பேசியது அதில் ஒரு பெண். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேமராத் திரையில் முகம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து நின்றேன். கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பையன் அவர் எதிரில் சும்மா உட்கார்ந்தான். சும்மா என்பதைக் கவனியுங்கள். கையில் ஒன்றும் இல்லை, கண் அவர் மேல்.

கேம் எப்படி, எத்தனை வருஷம் என்று வழக்கமான பேச்சு ஓடியது. நடுவில் அவர் போகிற போக்கில், இது விற்கவில்லை என்றால் பழையபடி டீச்சர் வேலைக்குப் போய்விடுவேன் என்றார். பையன் உடனே, "உங்களுக்கு எது பிடிக்கும்? உண்மையில?" என்றான். அவர் பதில் சொல்லவில்லை. ஹெட்போனில் பின்னாலிருந்த கூச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் சிரித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது பிடிக்கும், ஆனால் அவர்களுக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தானே உள்ளே உட்கார்ந்திருந்தது பிடிக்கவில்லை என்றார். எனக்கு வீடியோ கேம் பற்றி ஒரு எழவும் தெரியாது. அந்தப் பெண்ணின் கேம் விற்க வேண்டும் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் வரை மற்ற ஐந்து பேட்டிகளுக்கு அவன் வியாபாரப் பகுதிக்குள் போய் வந்தான். நான் வெளியே புல்தரையில் உட்கார்ந்து தொண்டை வறள உருளைக்கிழங்கு வறுவல் தின்றேன். ராத்திரி சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம்.

ஐந்தில் ஒன்று குப்பை. மைக் முக்கால்வாசி நேரம் வெட்டுப்பட்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. நான்காவதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. ஒரு நடுத்தர ஸ்டுடியோவின் டைரக்டர். பெயர் வேண்டாம். அவருக்கு அந்தப் பக்கம் நிறுவனத்தின் மக்கள் தொடர்பு ஆள் நிற்பது கண்ணாடியில் தெரிகிறது. இருபது நிமிஷம் கேமைக் காட்டுவார்கள், பத்து நிமிஷம் பேட்டி. அந்தப் பத்தில்தான் ட்ரைபாட் விரிக்க வேண்டும், மைக் மாட்ட வேண்டும். மிச்சம் ஆறு. அந்த ஆறில், நாலாவது நிமிஷத்தில், டைரக்டர் சொல்கிறார்: இதை ஆரம்பித்தபோது நாங்கள் நாற்பது பேர், முடித்தபோது பதினோரு பேர்.

என் பையன் கேட்ட அடுத்த கேள்வி: "எந்தெந்த மெஷின்ல எல்லாம் இந்த கேம் வருது?"

நான் படத்தை நிறுத்தினேன். "டேய், என்னடா இது? அவர் என்ன சொன்னார்னு கேட்டியா இல்லையா?"

அவன் ரொம்ப நேரம் திரையைப் பார்த்தான். "காதுல விழுந்துச்சு மாமா. அப்ப மீட்டர்ல சிவப்பு வந்துருச்சு. குறைக்கணும்னு பார்த்துட்டு இருந்தேன். பேப்பர்ல அடுத்த கேள்வி அதுதான் இருந்துச்சு."

கண்ணாடியில் பாருங்கள், மக்கள் தொடர்பு ஆளின் தோள் அந்த இடத்தில் இறங்குகிறது. நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவுகளில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. பிப்ரவரியில் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேர். இவை பெரிய கைகள். சின்ன ஸ்டுடியோக்களில் போனவர்களை யார் எண்ணினார்கள்? அந்த வருஷம் அந்தத் தொழிலில் இருந்த மிகப் பெரிய செய்தி அதுதான். அது தானாக, கேட்காமலே, ஒரு மனிதர் வாயிலிருந்து வந்து மேஜையில் விழுந்தது. எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. ஆள் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதில் பையனை நான் திட்டமாட்டேன். அவனைத் தனியாக அனுப்பியவனைத் திட்டுவேன். அனுப்பியவனுக்கு இதனால் நஷ்டம் இல்லை என்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. 'எந்தெந்த மெஷின்ல வருது' என்ற பதிலுக்கும் அதே விளம்பரம் ஓடும், அதே காசு வரும். கேம் நிறுவனத்துக்கோ கொண்டாட்டம். கேள்வி கேட்க வருகிறவனுக்குக் கேட்கவே நேரம் இல்லாத நிலைமையைவிட அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? தனியாள் பேட்டியில் மிஞ்சுவது காகிதத்தில் எழுதி வந்த கேள்விகள். அதற்கு அவர்களிடம் காகிதத்தில் எழுதி வைத்த பதில்கள் தயார். இரண்டு காகிதமும் பேசிக்கொள்வதற்கு எதற்கு இரண்டு மனிதர்கள், எதற்கு ரயில் டிக்கெட்?

இது கேம் உலகத்தில் பிறந்த வியாதி இல்லை. நியூயார்க்கில் 1992ல் நியூயார்க் 1 என்ற செய்திச் சேனல் தொடங்கியபோதே நிருபர்கள் கையில் கேமராவைக் கொடுத்து நீயே எடு என்றார்கள். 1995ல் சோனி விஎக்ஸ்1000 வந்தது. கையடக்கம், டிஜிட்டல் டேப். 2000க்குப் பிறகு பிபிசி தன் உள்ளூர் நிருபர்களுக்கு இந்த ஒற்றையாள் முறையில் பயிற்சி கொடுத்தது. அப்போதெல்லாம் இதற்குச் சொன்ன பெயர் சுதந்திரம். கேமராமேன் வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், நினைத்த இடத்துக்குப் போகலாம், நெருக்கமாக எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் அப்போது பிடித்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சுதந்திரம் எங்கே கொண்டுவந்து விட்டது என்பதற்கு ஒரு காட்சி. 2022 ஜனவரி. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா. ராத்திரி, ரோட்டோரம் ஒரு பெண் நிருபர் தனியாக நின்று நேரலையில் பேசிக்கொண்டிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு கார் வந்து இடிக்கிறது. விழுகிறார். ஸ்டுடியோவில் இருப்பவருக்கு என்ன நடந்தது என்றே சரியாகப் புரியவில்லை. அந்தப் பெண் எழுந்து, நல்லாயிருக்கிறேன் என்று சொல்லி, சாய்ந்து போனதைத் தானே நிமிர்த்திவிட்டு, செய்தியைச் சொல்லி முடித்தார். உலகமே பார்த்தது. எத்தனையோ பேர் அவர் தைரியத்தைப் பாராட்டினார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் 'கார் வருது, தள்ளு' என்று ஒரு சத்தம் போட்டிருப்பார்.

பொருட்காட்சியில் கார் வராது. வேறு வரும். லாஸ் ஏஞ்சல்ஸில் 1995லிருந்து நடந்த ஈ3 என்ற பொருட்காட்சி தெரியுமல்லவா, கேம் உலகத்தின் தலைமைக் கோயிலாக இருந்தது? அதன் அமைப்பாளர்கள், அங்கே வந்த பத்திரிகையாளர்கள், யூடியூப்காரர்கள் என்று 2,000 பேருக்கு மேல் பெயர், போன் நம்பர், விலாசம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகப் போட்டுத் தங்கள் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தது 2019 ஆகஸ்ட்டில் வெளியே தெரிந்தது. பெரிய பத்திரிகைக்காரர்கள் கொடுத்தது ஆபீஸ் விலாசம். தனியாளாகச் சுற்றுகிறவனுக்கு ஏது ஆபீஸ்? வீட்டு விலாசம், சொந்த போன் நம்பர். அடி யாருக்கு அதிகமாக விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. (ஈ3 2023 டிசம்பரில் இழுத்து மூடப்பட்டது. அதற்காக யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அந்த அலமாரி போய் இன்னொரு அலமாரி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.)

தனியாக எடுப்பது எல்லா இடத்திலும் தப்பு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ராஸ் மெக்எல்வீ என்றொரு டாக்குமெண்டரிக்காரர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாகச் சுற்றி எடுத்த 'ஷெர்மன்ஸ் மார்ச்' படம் 1986லிருந்து பேசப்படுகிறது. அவர் போனது சொந்தக்காரர்கள் வீட்டுக்கு, தெரிந்த பெண்களின் தோட்டத்துக்கு. மணி பார்க்க ஆள் நிற்கவில்லை. விட்டுப்போனால் நாளைக்குப் போகலாம். அப்படி ஒரு சோபாவில், மூன்று மணி நேரம் கையில் இருக்கும்போது, தனியாகப் போவதுதான் சரி. மூன்றாவது ஆள் வந்தால் பேச்சு கெட்டுவிடும். ஆறு நிமிஷமும் டிராகனும் இருக்கும் இடத்தில் அதே வேதத்தை ஓதுவதுதான் அயோக்கியத்தனம்.

'காசு இல்லை சார், பத்திரிகைகளே மூடுகின்றன' என்பார்கள். மூடுகின்றன. 1991லிருந்து வந்துகொண்டிருந்த கேம் இன்ஃபார்மர் பத்திரிகையை நான் கொலோன் போன அதே ஆகஸ்ட் மாத ஆரம்பத்தில் அதன் முதலாளி நிறுவனம் சட்டென்று மூடியது. (2025 மார்ச்சில் வேறு முதலாளியிடம் உயிர் வந்தது.) ஆனால் காசு இல்லை என்பதை முழுசாக நம்பாதீர்கள். டேனி ஓ'ட்வயர் என்றொரு அயர்லாந்துக்காரர் 2016ல் வேலையை விட்டுவிட்டு நோகிளிப் என்று கேம் டாக்குமெண்டரிகள் எடுக்க ஆரம்பித்தார். பார்க்கிறவர்கள் மாதாமாதம் கொடுக்கிற சின்னத் தொகையில் நடக்கிறது. நாளாக ஆகக் கூட ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். குறைக்கவில்லை. காரணம் லேசானது. அவருக்குக் காசு கொடுப்பது அதைப் பார்க்கிறவன்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. பேட்டிக்குப் பத்து நிமிஷம் என்றால் ட்ரைபாட் விரித்து மைக் மாட்டி முடித்த பிறகு அந்தப் பத்து ஆரம்பிக்கட்டும். கேம் நிறுவனங்களின் அறைகளில் சுவரைத் தாண்டிப் பாட்டு வராத ஒரு மூலையாவது ஒதுக்கட்டும். கேமைக் காட்ட கோட்டையே கட்டுகிறவர்களுக்கு ஒரு தடித்த கதவு முடியாதா? அப்புறம், அனுப்புகிற நிறுவனம் இன்னொரு ஆளுக்குப் பாஸும் ஒருநாள் கூலியும் கொடுக்கட்டும். சவுண்டு இன்ஜினியர் வேண்டாம். என்னைப் போல கை கால் உள்ள ஒரு ஜீவன் போதும். ஹெட்போனில் கரகர என்றால் கையைத் தூக்கத் தெரிய வேண்டும்.

இப்போது எவ்வளவு கத்தினாலும் சத்தம் கிழியாத ரெக்கார்டர் வந்துவிட்டது, 32 பிட் ஃப்ளோட் என்று ஏதோ சொல்கிறார்கள், மீட்டரே பார்க்க வேண்டாம் என்று பையன் போனில் சொன்னான். வாங்கிவிட்டானாம். சொந்தக் காசில். மீட்டர் பார்க்க வேண்டாம், சரி. முகம், பை, மணி, கால் தடுக்குகிறவன், பேட்டரி இதெல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "அது இருக்கு மாமா" என்றான்.

டீச்சரம்மா பேட்டி அந்த நிறுவனத்தில் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். அவர் பேசாமல் இருந்துவிட்டுச் சிரிக்கிற இடத்தை மட்டும் வெட்டி, செல்போனில் பார்க்கிற மாதிரி நெடுக்குவாக்கில் இன்னொன்று செய்து தரச் சொன்னார்கள். அதற்குத் தனிக் காசு இல்லை. மெயிலின் கடைசியில் ஒரு வரி: அடுத்த வருஷமும் உங்கள் மாமாவை அழைத்து வர முடியுமா?

டிக்கெட் யார் எடுப்பது என்று அதில் எழுதவில்லை.